கறளைத் தடுக்கும் கண்காணாக் கவசம்



பனிக்காலத்தில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தோரும், தாயகத்துப் போரில் காயமுற்று உடலில் உலோகத் தகட்டுடன் இங்கு வந்து சேர்ந்தோரும் நம்மிடையே உளர். "உள்ளே கிடக்கும் இரும்பு கறள் பிடித்து நஞ்சாகிவிடாதோ?" என்ற அச்சம் அவர்களுட் சிலருக்கு உண்டு. கடற்காற்றில் உதிர்ந்த யன்னற் கம்பிகளைக் கண்டு வளர்ந்த நமக்கு இவ்வச்சம் இயல்பானதே.

இரும்பின் கறள் நுண்டுளைகள் நிறைந்தது, உதிர்வது. ஆதலால் ஈரமும் ஒட்சிசனும் மேலும் உட்புகுந்து இரும்பை அரிக்கின்றன. ஆனால் உருக்கில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்தரைப் பங்கோ அதற்கு மேலோ குரோமியம் கலந்திருப்பின் நிலைமை மாறுகிறது. குரோமியம் ஒட்சிசனுடன் சேர்ந்து, சில நனோமீற்றர் தடிப்பே உடைய நெருக்கமான ஒட்சைட்டுப் படலத்தை மேற்பரப்பில் உண்டாக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத இப்படலமே காவல். கீறல் விழுந்தாலும், ஒட்சிசன் கிடைக்குமாயின், அது தானாகவே மீண்டும் உருவாகிவிடும். நாம் எவர்சில்வர் என அழைக்கும் கறையில் உருக்கின் இரகசியம் இதுவே.

இவ்வியல்பின் ஆய்வில் சுவிஸ் மண்ணுக்கும் பங்குண்டு. பாசெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வேதியியலறிஞர் ஷோன்பைன், செறிந்த நைத்திரிக்கமிலத்தில் தோய்த்த இரும்பு பின்னர் ஐதான அமிலத்திலும் கரையாதிருப்பதை ஆராய்ந்து, 1836இல் பரடேக்கு எழுதினார். மேற்பரப்பில் ஒட்சைட்டுப் படலம் தோன்றுவதே காரணமாகலாம் எனப் பரடே கருதினார்.

1958இல் பீல் நகரில் சுவிஸ் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கூடி, எலும்பு முறிவுச் சிகிச்சைக்கென ஏ.ஓ. என்னும் அமைப்பை நிறுவினர். அவர்களுக்கான தகடுகளையும் திருகாணிகளையும் செய்தளித்தவர், நாம் வாழும் சோலோதுர்ன் மாநிலத்துப் பெட்லாக் ஊரைச் சேர்ந்த றொபேர்ட் மத்தீஸ் ஆவார்.

இக்கவசத்தின் பகை உப்பிலுள்ள குளோரைட்டு. நம் குருதியும் உப்புக் கரிப்பதே. ஆகவே உடலுக்கான உருக்கில் நிக்கலுடன் மொலிப்டினமும் சேர்க்கின்றனர். தைத்தேனியத்தின் ஒட்சைட்டுப் படலமோ இன்னும் உறுதியானது. எனினும் தகடும் திருகாணியும் உராயும் இடுக்குகளில் சிறிதளவு அரிப்பு நேரலாம். நிக்கல் ஒவ்வாமை உள்ளோர் சத்திரசிகிச்சைக்கு முன்னரே அதனைத் தெரிவித்தல் வேண்டும். தகடு உள்ள இடத்தில் புதிதாக நோவோ வீக்கமோ தோன்றின், கறள் என்று தாமே முடிவுசெய்து கலங்காது மருத்துவரை நாடுக.

சமையலறைக்கும் இதே விதிதான். குளிர்நீரில் உப்பையிட்டு வைத்தால், அடியில் தங்கும் உப்பு பாத்திரத்தில் நுண்குழிகளைத் தோற்றுவிக்கும். நீர் கொதித்த பின்னரே உப்பிடுக. இரும்புக் கம்பிச் சுருளால் தேய்த்தால் அதன் துகள்கள் ஒட்டிக் கறட்புள்ளிகளாகும். மென்மையாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக் காற்றாட வையுங்கள். எஞ்சியதைக் காற்றிலுள்ள ஒட்சிசன் பார்த்துக்கொள்ளும்.