களஞ்சியமும் வாய்க்காலும்

ஒளிபரப்பாகும் நேரத்துக்காகத் தொலைக்காட்சி நேயர் காத்திருந்த காலம் ஒன்றிருந்தது. 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘டீவோ’ என்னும் பதிவுக் கருவி அக்கட்டை அவிழ்த்தது. நிகழ்ச்சிகளைத் தன்னுள் அமைந்த வன்தட்டில் அது சேமித்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஒளிபரப்பையே நிறுத்திவைத்துப் பின்னர் தொடரவும் வழிசெய்தது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவுசெய்தல் குற்றமன்று என அந்நாட்டு அதியுயர் நீதிமன்றம் 1984இலேயே தீர்ப்பளித்திருந்தது.

2008இல் வந்த ‘றோக்கு’ப் பெட்டியோ வேறு வகையினது. இணையவழி வரும் படத்தை அது காட்டுமேயன்றித் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. முன்னது களஞ்சியம், பின்னது வாய்க்கால். வாய்க்கால் நீரோ மடை திறப்பவன் கையிலுள்ளது. உரிமை ஒப்பந்தம் முடிந்தால், நேற்றிருந்த படம் இன்றில்லை.

இவ்விரு தொழிலையும் ஒருங்கே செய்யும் பெட்டிகளும் உள. திரையில் இரண்டும் ஒரே வரிசையில் தோன்றுவதால், வேற்றுமையைப் பலர் உணர்வதில்லை; விரும்பிய படம் மறைந்த பின்னரே உணர்கின்றனர். வன்தட்டுப் பழுதுற்றால் களஞ்சியமும் வெறுமையாகும் என்பது உண்மையே. ஆயினும் அதனைக் காப்பது நம் பொறுப்பு. மடையோ நம் வசத்ததன்று.

ஆதலின், பெட்டி வாங்கும் குடும்பத்தார் விலையை மட்டும் வினவுதல் போதாது. எமக்கென இதில் தங்குவது யாது என்றும் வினவுதல் வேண்டும்.