தோற்றவர் யார்?

பட்டமளிப்பு விழா மேடைகளில் தொழிலதிபர்கள் தோல்வியின் அருமையைப் போதிப்பது வழக்கமாகிவிட்டது. அவ்வுரைகளுக்கு வாய்ப்பான எடுத்துக்காட்டு, ரத்தன் டாட்டாவின் நானோ. ஒரு லட்சம் ரூபாய்க் காராக 2008 ஜனவரியில் டெல்லியில் அறிமுகமானது. பத்தாண்டுகளில் வாங்குவாரின்றி ஓய்ந்தது. ‘மிக மலிவான கார்’ என்று அதனை முன்னிறுத்தியது பிழை என்று டாட்டா பின்னாளில் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை நான் மறுக்கவில்லை. அந்த ஒப்புதலையே முழுக் கதையாக்கி மாணவர்களுக்கு வழங்குவோருடன்தான் என் வழக்கு.

‘தோல்வி’ ஒரு தொழிற்பெயர். அது காலம் காட்டாது. இடமும் பாலும் எண்ணும் காட்டாது. யார் தோற்றார், எதை இழந்தார் என்ற வினாக்களை எழுப்பாமலேயே அச்சொல்லைப் பயன்படுத்திவிடலாம். அதனை வினைமுற்றாக்கி எழுவாயைத் தேடுங்கள். சிங்கூருக்குப் போய்ச் சேருவீர்கள்.

அந்தக் காரின் தொழிற்சாலைக்காக 2006இல் மேற்கு வங்க அரசு அங்கே 997 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தியது. உழவர் பலர் இசையவில்லை. போராட்டம் வலுக்கவே, 2008 அக்டோபரில் நிறுவனம் வெளியேறிக் குஜராத்தின் சாணந்துக்குச் சென்றது. நிலம் உழவரிடம் திரும்பவில்லை. கையகப்படுத்தியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2016 ஆகஸ்டில்தான். பெற்ற இழப்பீட்டைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் அது கூறியது. ஆனால் கட்டுமானம் எழுந்த மண், தீர்ப்பு வந்த மறுநாளே வயலாகிவிடுமா?

நிறுவனத்தின் இழப்புக்கும் ஈடு விதிக்கப்பட்டது. டாட்டா மோட்டார்ஸுக்கு 765.78 கோடி ரூபாயும் வட்டியும் வழங்குமாறு மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்துக்கு 2023இல் நடுவர் தீர்ப்பாயம் ஆணையிட்டது. சட்டப்படி அது முறையாகவே இருக்கலாம். எனினும் அது பொதுப்பணம். ஆக, இந்தத் தோல்வியின் எழுவாய்கள் பல: வயலை இழந்த உழவர், வேலையை எதிர்பார்த்து ஏமாந்த இளைஞர், வரி செலுத்தும் குடிமக்கள். பாடம் கற்றவராக மேடையில் போற்றப்படுபவர் மட்டும் ஒருவர்.

தரவில் பாதியை விலக்கிவிட்டு முடிவுரை எழுதினால் நம் நெறியாளர் ஏற்பாரா? ஆய்வேட்டில் நாம் அனுமதிக்காத குறையை, ‘தலைமைப் பண்பு’ என்ற பெயரில் வந்தால் மட்டும் எழுந்து நின்று கைதட்டி வரவேற்கிறோம். விளம்பர வாசகத்தைத் திருத்துவது விற்பனை உத்தி. நிலம் யாருடையது என்று முதலிலேயே கேட்பதுதான் சிந்தனை.

அடுத்த விழாவில் ‘தோல்வியைக் கண்டு அஞ்சாதீர்கள்’ என்று ஒருவர் முழங்கும்போது, மாணவர்களே, பணிவாக எழுந்து ஒன்றை மட்டும் கேளுங்கள்: ‘ஐயா, தங்கள் தோல்விக்கு விலை கொடுத்தவர் யார்?’