சுத்தியலைக் கீழ போடுங்க சாமி!

"எஞ்சின் சீஸ் ஆயிடுச்சு சார், இனி காயலான் கடைதான்." பழைய அம்பாசடர் வச்சிருக்கிறவங்களுக்கு இந்த வசனம் மனப்பாடமா இருக்கும். நான் மெக்கானிக் இல்லீங்க, பி.காம் மாணவன். ஆனா ஒரு சொத்தோட மதிப்பு பூஜ்யம்னு எழுதறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாருன்னு எங்க பாடத்துலயே இருக்கு. இங்க எட்டிப் பார்த்ததுமே தீர்ப்பு!

முதல்ல, எஞ்சின் சுத்தலைன்னா உள்ள பிஸ்டன்தான் பிடிச்சிருக்கணுமா? கியரை நியூட்ரல்ல போட்டு, ஃபேன் பெல்ட்டைக் கழட்டிப் பார்த்தாங்களா? ஸ்டார்ட்டர் மோட்டார் பல்லு ஃப்ளைவீல்ல சிக்கினாலும் சுத்தாதே!

சரி, நிஜமாவே துருன்னே வச்சுக்குவோம். அம்பாசடரோட பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின்ல பிளாக் வார்ப்பிரும்பு. வருஷக்கணக்கா நின்ன வண்டியில திறந்திருக்கிற வால்வு வழியாவோ, போன ஹெட் கேஸ்கெட் வழியாவோ ஈரம் இறங்கும். இரும்பு துருவானா முன்னைவிட அதிக இடம் எடுத்துக்கும். ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல ஆப்பு மாதிரி இறுகிடும். இதுக்கு வைத்தியம் பலம் இல்லை, பொறுமை.

பிளக்கைக் கழட்டி, துரு இளக்கற எண்ணெயை ஊத்தி, நாள்கணக்குல ஊற விடணும். அப்புறம் கிராங்க் புல்லி நட்டுல நீளமான கம்பி போட்டு முன்னும் பின்னும் மெதுவா அசைக்கணும். அசையலையா? திரும்ப ஊற விடணும். ஹெட்டைக் கழட்டியாச்சுன்னா, பிஸ்டனுக்கு மேல சுவர்ல இருக்கிற துருவை முதல்ல தேய்ச்சு எடுக்கணும். தட்டியே தீரணும்னா நடுவுல மரக்கட்டை வைக்கணும்.

இதை விட்டுட்டு அலுமினிய பிஸ்டன் தலையில நேரா சுத்தியலால அடிச்சா அது உடையத்தான் செய்யும். கியர்ல போட்டு கயிறு கட்டி இழுத்தா, ஒட்டிக்கிட்ட வால்வு புஷ்ராடை வளைச்சிடும். அப்புறம், "நான் அப்பவே சொன்னேன்ல சார்?" என்ன சொன்னீங்க? நீங்கதானே உடைச்சீங்க!

"நேரம் காசு இல்லையா தம்பி?"ன்னு கேப்பாங்க. எண்ணெயில ஊறற நேரத்துக்கு யாருங்க கூலி கேக்கறா? பிரிச்ச பிறகு சுவர்ல குழி ஆழமா இருந்தா, போர் பண்ணவோ லைனர் போடவோ செலவு வரும். வரட்டும். அந்தக் கணக்கைப் போட்டு, கட்டுபடியாகலைன்னா எடைக்குப் போடுங்க. நானே எடை பார்க்க வரேன்.

உத்தர்பாராவில அம்பாசடர் உற்பத்தி 2014லயே நின்னு போச்சு. ஒரு பிளாக்கை உடைச்சா புதுசு கேட்டுப் போக அங்க ஃபேக்டரி ஓடலை. அதனால வண்டிக்காரங்களே, அடுத்த தடவை யாராவது "கதை முடிஞ்சுது"ன்னு சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எத்தனை நாள் ஊற வச்சீங்க?"