தண்ணி எங்கே நிக்கும்னு தெருவுக்குத் தெரியும்!

வானம் இருட்டியதுமே சென்னைத் தெருக்களில் சில வேலைகள் தானாக நடக்கும். ஒருவர் பைக்கைக் கொண்டுபோய் மேட்டில் நிறுத்துவார். தரைத்தளத்து வீட்டில் ஒரு பாட்டி, கீழ்த்தட்டில் இருக்கும் அரிசி டின்னைப் பரணுக்கு ஏற்றச் சொல்வார். எந்த முனையில் முதலில் தண்ணீர் நிற்கும், எந்த வீட்டில் எத்தனையாவது படிவரை ஏறும், எந்த வடிகால் அடைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். எந்த வானிலை ஆப்பும் இதைச் சொல்லாது.

இந்தத் தகவலை அவர்களிடம் யாராவது கேட்டோமா?

2015 டிசம்பரில் ஒருமுறை கேட்டார்கள். சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்துத் தன்னார்வலர்கள் ஒரு வெள்ள வரைபடம் தயாரித்தார்கள். உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறதா? வரைபடத்தில் அந்தத் தெருவைத் தொடுங்கள். அவ்வளவுதான் வேலை. சில நாள்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்களை மக்களே குறித்துவிட்டார்கள்.

நம்மைப் போலவே அடிக்கடி வெள்ளத்தில் சிக்கும் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தா, இதை ஒரு வழக்கமாகவே மாற்றியது. வெள்ளத்துக்கு அவர்கள் சொல் ‘பஞ்சிர்’. ட்விட்டரில் ஒருவர் அந்தச் சொல்லைப் போட்டுப் புலம்பினால், ‘இடத்தையும் போட்டோவையும் அனுப்புங்கள்’ என்று தானாகவே பதில் போகும்படி ஏற்பாடு செய்தார்கள். வந்த தகவல்கள் பொது வரைபடத்தில் ஏறின. நகரத்தின் பேரிடர் மேலாண்மை அதிகாரிகளும் அதைப் பயன்படுத்தினார்கள். மக்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்கே போய், அவர்கள் மொழியிலேயே கேட்டதுதான் இதன் சிறப்பு.

சென்னையில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. மாநகராட்சியின் காலநிலை செயல் திட்ட வரைவு 2022 செப்டம்பரில் பொதுமக்கள் கருத்துக்காக வெளியானது. வெள்ளம், வெப்பம், கடல்மட்ட உயர்வு என்று நம் எல்லோரையும் பாதிக்கும் விஷயங்கள் அதில் இருந்தன. ஆனால், முதலில் அது ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது! எதிர்ப்பு எழுந்த பிறகுதான் தமிழில் வெளியிட்டு, அவகாசத்தையும் நீட்டித்தார்கள். 2023 ஜூனில் இறுதித் திட்டம் வந்தது. அரிசி டின்னை மேலே ஏற்றும் அந்தப் பாட்டியால் ஆங்கில பி.டி.எஃப்.பைப் படித்துக் கருத்துச் சொல்ல முடியுமா? கூவம், அடையாறு கரையோரத்தில் இருப்பவர்களால்? அதிகம் நனைபவர்கள் இவர்கள்தானே?

கேட்காமல் உத்தரவு மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லா கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நல்ல திட்டம்தான். அவசர அவசரமாகக் குழாய் பதித்தோம். அதன் பிறகு எத்தனை வீடுகளில் அந்தக் குழியைத் திறந்து தூர் வாரினோம்? 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோதுதான் பலருக்கும் அந்தக் குழியின் ஞாபகமே வந்தது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

* கடந்த மழையில் தண்ணீர் ஏறிய உயரத்தைச் சுவரில் கோடு போட்டுத் தேதியோடு குறித்து வையுங்கள். போட்டோவும் எடுங்கள்.

* கிராமசபை போல, நகரங்களில் வார்டு குழுக்களும் ஏரியா சபைகளும் அமைக்க 2022-ல் விதிகள் வந்திருக்கின்றன. உங்கள் பகுதிக் கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். அந்த போட்டோவோடு போய் உட்காருங்கள்.

* சென்னைவாசிகள் 1913 என்ற எண்ணில் புகார் செய்யலாம். தண்ணீர் நின்ற பிறகு மட்டுமல்ல, வடிகால் அடைத்திருப்பதைப் பார்த்ததுமே அழையுங்கள்.

* போன் வைத்திருக்கும் நீங்கள், போன் இல்லாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்காகவும் பேசுங்கள்.

வடிகாலை வடிவமைக்கப் பொறியாளர்கள் வேண்டும். ஆனால், எந்தத் தெருவில் எந்தப் பக்கம் தண்ணீர் திரும்பும் என்பதைத் தெருக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். அடுத்த மழைக்கு முன்பு அவர்களிடம் கேட்டுவிடுவது நல்லது. மழை வந்த பிறகு அவர்களுக்கு வேறு வேலை இருக்கும். அரிசி டின்னை ஏற்ற வேண்டுமே!