மலை இறங்கும் முன் காற்றைப் பாருங்கள்

தேனிப் பக்கம் சினிமா படப்பிடிப்பு என்றால் கேரவன் வந்து நிற்கும். உள்ளே ஏசி உண்டா, கட்டில் உண்டா, குளியலறை எப்படி என்று ஊரே பேசும். இப்போது சுற்றுலாவுக்கும் அது வந்துவிட்டது. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. தேனியிலிருந்து தேக்கடிக்கோ வாகமணுக்கோ போக வேண்டுமானால் கம்பம் வழியாக மலை ஏறித்தான் ஆக வேண்டும். திரும்பும்போது இறங்கியும் ஆக வேண்டும். கட்டிலைப் பற்றிக் கேட்கிற யாரும் வண்டிக்கு அடியில் இருக்கிற காற்றைப் பற்றிக் கேட்பதில்லை.

சின்ன வேனில் அமைத்த கேரவனுக்குப் பெரும்பாலும் ஆயில் பிரேக், அதை விட்டுவிடுவோம். பஸ், லாரி சேஸிஸில் கட்டிய பெரிய வண்டிகளுக்கு ஏர் பிரேக். எஞ்சின் ஓடும்போது கம்ப்ரெசர் காற்றை அழுத்தி டேங்குகளில் நிரப்புகிறது. பெடலை மிதித்தால் அந்தக் காற்று சக்கரங்களுக்குப் போய்ப் பிரேக்கைப் பிடிக்கிறது. ஹேண்ட் பிரேக் இதற்கு நேர் எதிர். அதைப் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பதுதான் காற்று. ஆகவே காற்று முழுக்கப் போனால் பின்சக்கரம் தானாகவே இறுகிவிடும். வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் ரயிலுக்குச் செய்த தானியங்கி பிரேக்கிலும் இதே புத்திதான்: குழாய் அறுந்தால் ரயில் நிற்க வேண்டும், ஓடக் கூடாது.

அப்படியானால் கசிந்தால் என்ன, வண்டி நிற்கத்தானே போகிறது என்று கேட்கலாம். சமதரையில் சரி. குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரை இறங்குகிற வண்டிக்கு அது போதாது. டிரைவர் வளைவுக்கு வளைவு மிதிக்கிறார். ஒவ்வொரு மிதிக்கும் டேங்கிலிருந்து காற்று செலவாகிறது. அவர் எஞ்சினை மெதுவாக ஓட விட்டிருந்தால் கம்ப்ரெசரும் மெதுவாகத்தான் நிரப்பும். இதோடு கசிவும் சேர்ந்தால் வரவைவிடச் செலவு அதிகம். முள் இறங்குகிறது, பஸ்ஸர் கத்துகிறது, அடுத்துப் பின்பிரேக் பாதி பிடித்தபடி உரசிச் சூடேறுகிறது. சூடான பிரேக் பிடிக்காது. போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அங்கும் இதே கதைதான்.

கசிவைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல. சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, காற்று முழுவதும் ஏறும்வரை எஞ்சினை ஓட விட வேண்டும். நிரம்பியதும் 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். அது ஏர் டிரையர் தண்ணீரைத் துப்புவது; கசிவல்ல. அதன் பிறகும் அங்கேயே சீறிக்கொண்டிருந்தால் அந்த வால்வு கெட்டுவிட்டது என்று அர்த்தம். இனி ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, எஞ்சினை அணைத்து, முள்ளைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கனரக வாகன உரிமத் தேர்வில், தனி வண்டியென்றால் நிமிடத்துக்கு 2 பவுண்டுக்கு மேல் இறங்கக் கூடாது. பெடலை மிதித்துப் பிடித்த நிலையில் 3 பவுண்டு வரை போகலாம். நம் டிரைவர்களும் இதையே அளவாக வைத்துக்கொள்ளலாம்.

எப்போது கசிகிறது என்பதே எங்கே கசிகிறது என்று சொல்லிவிடும். சும்மா நிற்கும்போதே இறங்கினால் டேங்க், குழாய் இணைப்பு, டிரையர் பக்கம் பாருங்கள். மிதித்தால் மட்டும் சீறினால் ஃபுட் வால்வு, சக்கரத்துக்குப் போகும் ஹோஸ் அல்லது பிரேக் சேம்பரின் டயாப்ரம். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால் மட்டும் சீறினால் ஸ்பிரிங் இருக்கும் சேம்பர். ஏர் சஸ்பென்ஷன் வண்டி காலையில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், அந்தப் பக்கத்துப் பலூனோ அதன் குழாயோ. மீதியைச் சோப்பு நுரை காட்டிக்கொடுக்கும். மண்ணைத் துடைத்துவிட்டுப் பிரஷ்ஷால் நுரையைத் தடவினால், கசிகிற இடத்தில் குமிழி கட்டும். (நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் கசிவுக்கும் ஓட்டம் பிடிப்பதற்கும் ஒரே சொல்: 'ஃப்யுயித்'. நுரையைப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும்.)

நைலான் குழாயின் முனை கீறியிருந்தால் நேராக வெட்டிச் செருகினால் போதும். பித்தளை நட்டை வெறியோடு முறுக்குவது வேண்டாம். உள்ளே நசுங்கி இன்னும் கசியும். டேங்கின் அடியில் உள்ள வளையத்தை இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுவது டிரைவரே செய்யக்கூடிய வேலை. தண்ணீர் நிறைய வந்தால் டிரையரின் ஃபில்டரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஸ்பிரிங் சேம்பரை மட்டும் யாரும் சொந்தமாகத் திறக்கக் கூடாது. உள்ளே இறுகியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும்.

என் கோபம் கசிவின் மேல் அல்ல, அதை மறைக்கிற வழக்கத்தின் மேல். காற்று இறங்கிப் பின்சக்கரம் பிடித்துக்கொண்டால், சேம்பரின் பின்புறத்தில் ஒரு நீளமான போல்ட்டை மாட்டி ஸ்பிரிங்கைச் சுருக்கி வைத்து வண்டியை நகர்த்தலாம். நின்றுபோன வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோக மட்டும்தான் அந்த வழி. கம்பத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் சொன்னார்: "மாட்டுன போல்ட்டைக் கழட்டாமலே மாசக்கணக்கா ஓட்டுறாங்க சார். கேட்டா, வண்டி நல்லாத்தானே ஓடுதுங்கிறாங்க." காற்று போனால் நிற்க வேண்டிய வண்டி, இப்படி ஓட்டினால் நிற்காது.

எஃப்.சி. இருக்கிறதே என்பார்கள். வாடகை வண்டிக்கு முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சான்றிதழ் அன்றைய தேதியைப் பற்றித்தான் பேசும். சொந்த உபயோகக் கேரவனுக்கு அதுவும் இல்லை. போக்குவரத்து அல்லாத வாகனக் கணக்கில் அது வருவதால், முதல் பதிவே 15 ஆண்டுகள் செல்லும். மாதக்கணக்கில் ஷெட்டில் நின்று ரப்பர் காய்ந்து, விடுமுறைக்கு மட்டும் மலை ஏறுகிற வண்டி அது. அதற்குத்தான் ஆண்டுக்கு ஒரு பிரேக் சோதனை முதலில் தேவை.

குமுளியிலும் போடிமெட்டிலும் சோதனைச்சாவடி இருக்கிறது. பெரிய வண்டிகள் எப்படியும் வேகம் குறைத்து நிற்கின்றன. ஐயப்ப சீசனில் போகிறவர்களைக் கம்பம்மெட்டு வழியாக அனுப்பி, திரும்புகிறவர்களைக் குமுளி வழியாக இறக்குகிறார்கள். அந்த நேரத்தில் இறங்கும் பக்கம் ஒரு காவலர் நின்று, "எஞ்சினை ஆஃப் பண்ணுங்க, முள்ளைப் பாருங்க" என்று சொன்னால் ஒரு வண்டிக்கு இரண்டு நிமிடம் ஆகும். பயணிகளும் பார்க்கலாம். டீ குடிக்க இறங்கும்போது பின்சக்கரத்துக்கு உள்பக்கம் குனிந்து பாருங்கள். அந்த போல்ட் சேம்பரின் பக்கவாட்டில் உள்ள அதன் இடத்தில் இருக்க வேண்டும். நடுவில் செருகி நீட்டிக்கொண்டிருந்தால், வண்டியில் ஏறாமல் டிரைவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.