அடுத்த முறை யாருக்கு?

தந்தையும் மக்களும் தொலைக்காட்சியின் முன் கிரிக்கெட்டில் ஆழ்ந்திருக்க, தாய்மார் சிலர் நம்மிடம் வினவுவதுண்டு: “சாமி, இவர்கள் வருவதும் போவதுமாய் இருக்கிறார்களே, அடுத்து வருபவர் யார் என்று எப்படி முடிவாகிறது?” நல்ல கேள்வி. ஆட்டத்தை அறிந்தோர் பொறுத்தருள்க.

ஓர் அணியில் 11 பேர். எனினும் மட்டையுடன் களத்தில் நிற்பவர் எந்நேரமும் இருவரே. ஒருவர் ஆட்டமிழந்தால் அடுத்தவர் வருவார். 10 பேர் ஆட்டமிழந்ததும் அந்த அணியின் இன்னிங்ஸ் முடிந்துவிடும். எஞ்சிய ஒருவர் எத்துணை வல்லவராயினும் தனியே ஆட இயலாது, துணையின்றி ஆட்டமில்லை. யாருக்குப்பின் யார் வரவேண்டும் என்பதற்கோ விதியே இல்லை. அது அணித்தலைவரின் விருப்பம். காலந்தாழ்த்துவோர்க்கு மட்டும் விதி உண்டு. 2023 நவம்பரில் தில்லியில் நடந்த உலகக்கோப்பை ஆட்டத்தில் இலங்கையின் ஏஞ்சலோ மாத்யூஸ் தலைக்கவசத்தின் வார் அறுந்து வேறு கவசம் கேட்டார். இரண்டு நிமிடம் கடந்துவிட்டதென எதிரணி முறையிட, ஒரு பந்தும் ஆடாமலே திரும்பினார். (திருப்பலிக்குப் பிந்தி வருவோர் இதனைக் கவனிப்பார்களாக.)

துணையின்றி ஆட்டமில்லை என்றோம். 1984இல் இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகள் அணி 9 விக்கெட்டுகளை இழந்திருந்தது. 96 ஓட்டங்களுடன் நின்ற லேரி கோம்ஸ் சதத்திற்கு நான்கே குறைவு. எஞ்சியவர் மால்கம் மார்ஷல் ஒருவரே. அவருக்கோ இடக்கைப் பெருவிரல் முறிந்திருந்தது. இனி ஆட்டமில்லை என்று எல்லோரும் எண்ணியிருக்க, கட்டுப்போட்ட கையோடு மார்ஷல் படியிறங்கி வந்தார். ஒற்றைக் கையால் மட்டை பிடித்து நின்றார். கோம்ஸ் சதம் கண்டு, 104 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் திரும்பினார். தம் முறையை இன்னொருவருக்காகவே ஆடிய மனிதரை நாம் எளிதில் மறப்பதற்கில்லை.

தம் இடத்தையே விட்டுக்கொடுத்தவரும் உண்டு. 2001 மார்ச்சில் கொல்கத்தாவில் ஆஸ்திரேலியா 445 ஓட்டங்கள் எடுக்க, இந்தியா 171க்குச் சுருண்டது. அணிகள் மாறிமாறி ஆடுவதே வழக்கம். ஆனால் ஐந்து நாள் ஆட்டத்தில் முதலில் ஆடிய அணி 200 ஓட்டங்களேனும் முந்தியிருப்பின், பின்தங்கிய அணியை உடனே மீண்டும் ஆடப் பணிக்கலாம். அவ்வாறே பணித்தார்கள். அப்போது ஆறாம் இடத்தில் ஆடிவந்த லட்சுமணை மூன்றாம் இடத்திற்கு உயர்த்தினார்கள். அதுவரை மூன்றாம் இடத்திலிருந்த ராகுல் திராவிட் ஆறாம் இடத்திற்கு இறங்கினார். லட்சுமண் 281 எடுத்தார், உலகம் புகழ்ந்தது. நம் கண் செல்வது திராவிடின் மீதே. தாமதமாய்க் கிடைத்த முறையில் 180 ஓட்டங்கள் சேர்த்தார். நான்காம் நாள் முழுவதும் இருவரையும் பிரிக்க ஒருவராலும் இயலவில்லை. இருவரும் சேர்ந்து எடுத்தது 376. இந்தியா 171 ஓட்டங்களால் வென்றது.

இவற்றை இத்தனை விரிவாகக் கூறுவதற்குக் காரணம் நம் கோவில் வளாகங்களில் ஆடும் சிறுவர்களே. அங்கே மட்டை யாருடையதோ அவனே முதலில் ஆடுகிறான். ஆட்டமிழந்தாலும் இல்லையென்று சாதிக்கிறான். சிறியவனோ வேலிக்கு அப்பால் விழுந்த பந்தைப் பொறுக்கியே பொழுதைப் போக்கி, ஒருமுறையும் மட்டையைத் தொடாமல் வீடு செல்கிறான். சில வாரங்களில் ஆட்டத்திற்கு வருவதை நிறுத்துகிறான். பிறகு மறைக்கல்விக்கும் வருவதில்லை. பெற்றோர் காரணத்தை வேறெங்கோ தேடுகின்றனர்.

இதற்கு மருந்தும் சிறுவர்களிடமே உண்டு. மண்ணில் கோடுகள் இழுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எண் எழுதி, எண்களை மட்டையால் மறைத்து, ஆளுக்கொரு கோட்டைத் தொடச் சொல்வார்கள். தொட்ட கோட்டின் எண்ணே அவனவன் முறை. மட்டைக்கு உரியவனுக்கும் பந்து பொறுக்குபவனுக்கும் அங்கே ஒரே சட்டம். குறை ஒன்றுதான்: கடைசி எண்கள் வருமுன் இருட்டிவிடுகிறது. அடுத்த ஞாயிறு புதிதாய்க் கோடு இழுக்காமல், விட்ட எண்ணிலிருந்தே தொடங்கட்டும். மறைக்கல்வி ஆசிரியர் எவரேனும் அந்த எண்ணைத் தம் வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் குறித்துவைத்தால் போதும்.