உப்பளத்துப் பிள்ளைகளும் தலையெழுத்தும்



மரக்காணம் பக்கத்து உப்பளங்களில் வெய்யில் ஏறுமுன் வேலை நடந்தாக வேண்டியிருப்பதால், ஆணும் பெண்ணும் விடியுமுன்பே வீட்டை விட்டுப் புறப்பட்டு விடுகிறார்கள். அந்த நேரத்தில் அடுப்பு மூட்டிப் பிள்ளைக்கு ஆக்கி வைக்கத் தாய்க்கு அவகாசமேது? பழைய சோறு மிஞ்சியிருந்தால் உண்டு. இல்லாவிட்டால் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம். மழைக்காலத்தில் பாத்திகளில் வெள்ளம் நின்றுவிட்டாலோ வேலையுமில்லை, கூலியுமில்லை.

அப்படிப்பட்ட ஊரொன்றுக்கு நாம் பேசப் போயிருந்தபோது, கைகால் சூம்பி வயிறு மட்டும் உப்பிய ஒரு குழந்தையின் இடுப்பில் மூன்று தாயத்துக்களைக் கண்டோம். ஏனென்று கேட்டதற்கு, "சீர் தட்டிடுச்சுங்க ஐயா, எல்லாம் தலையெழுத்து" என்றார் அதன் பாட்டனார். இந்த மூன்று தாயத்தின் காசுக்கு எத்தனை முட்டை வாங்கலாமென்று கேட்டோம். பெரியவர் பேசவில்லை. தாய் மாத்திரம் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

தலையெழுத்து என்பது உண்மையானால், அது முதலாளி வீட்டுப் பிள்ளையை மட்டும் விட்டுவிட்டு உப்பளக் கூலியின் பிள்ளையையே தேடிப் பிடிப்பானேன்? 2019-21-ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை. இவர்கள்தாம் பிறகு பள்ளிக்கு வருகிறவர்கள். இத்தனை தலைகளிலும் ஒரே எழுத்தை எழுதிய அந்தப் பிரம்மாவுக்கு வேறு வேலையே இல்லையா?

இந்த "எழுத்தை" மனிதன் அழித்த வரலாறு நம் நாட்டிலேயே இருக்கின்றது. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் சென்னை நகராட்சித் தலைவராயிருந்தபோது, 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் பகலுணவு தொடங்கப்பட்டது. பிறகு அது மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவிற்று. 1922-23-இல் 811 ஆயிருந்த பிள்ளைகள் 1924-25-இல் 1671 ஆனார்கள். காமராசர் 1956-இல் அதை நாடெங்கும் கொண்டு போனார்; 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், பின்னர் கலைஞர் முட்டை சேர்த்தார். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலையுணவும் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசு ஆரம்பப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. விடியுமுன் வேலைக்குப் போகும் தாய்க்கு இதனருமை தெரியும். இது அன்னதானமல்ல, புண்ணியத்துக்குப் போடும் பிச்சையுமல்ல. வரி கொடுக்கும் மக்களின் பிள்ளைகளுக்குள்ள உரிமை.

இந்தச் சோற்றிலும் ஜாதி மண்ணள்ளிப் போடப் பார்க்கிறது. 1924-இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதைப் பெரியார் எதிர்த்துப் போராடினார். ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 2018-இல் அவிநாசி வட்டாரப் பள்ளியொன்றில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சமைக்கக் கூடாதென்று ஜாதி இந்துக்கள் மறித்தார்கள். இவர்களை ஒன்று கேட்கிறோம்: உங்கள் குழம்பில் விழும் உப்பு விளைந்த பாத்தியை மிதித்துப் பதப்படுத்திய கால் எந்த ஜாதிக்கால் என்று என்றைக்காவது விசாரித்ததுண்டா? கால் மிதித்ததில் போகாத ஜாதி, கை சமைத்ததில் மட்டும் போய்விடுமோ?

இனி, தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிதோறும் சத்துணவுத் தோட்டம் வேண்டுமென்று 2019-இல் ஒன்றிய அரசும் வழிகாட்டியிருக்கிறது. "உவர் மண்ணில் என்ன முளைக்கும்?" என்று கேட்பது கை கட்டி உட்காருவதற்கான சாக்கு. மண்ணை மேடாக்கி, ஏரி வண்டலும் சாணி எருவும் கொட்டி, பிள்ளைகள் கை கழுவும் நல்ல தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்புங்கள். முருங்கையும் பப்பாளியும் கீரையும் வரும். கீரை ஒன்றே சோகையைத் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. முட்டையும் பருப்பும் குடற்புழு மாத்திரையும் கூடவே வேண்டும். ஆனால் தான் நட்ட செடியின் கீரை தன் தட்டுக்கு வருவதைக் கண்ட பிள்ளையிடம் தலையெழுத்துக் கதை எளிதில் செல்லாது.

ஆகவே தோழர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். முட்டை ஒழுங்காக வருகிறதா, பந்தி ஒன்றாக நடக்கிறதா, தோட்டத்துக்கு வேலி உண்டா என்று கேளுங்கள். கோயில் கொடைக்கு வீடு தவறாமல் வசூலிக்கும் ஊரால், பள்ளித் தோட்டத்துக்கு நாலு வண்டி வண்டல் அடிக்க முடியாதா?